அருங்காட்சியகத்தில் உயிரியல் மானிடவியல் இன்டர்ன்ஷிப்: 10 வாரத்தில் எது முடியும், எது முடியாது?

தாழம்பூ_22

வணக்கம். சென்னையில் எம்.எஸ்சி. மானிடவியல் முதலாண்டு. அடுத்த கோடையில் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 10 வாரம் வேலை பழக எழுதிப் போடலாம் என்று இருக்கிறேன். துறையில் மூன்று தலைப்பு பேசி வைத்திருக்கிறோம்:

அ) அங்குள்ள டெர்ரி சேகரிப்பின் (வயது, பால் பதிவுள்ள எலும்புக்கூட்டுத் தொகுப்பு) மனித எலும்புக்கூடுகளில் கை, கால் எலும்பு நீளத்தை வைத்து உயரம் கணிப்பது
ஆ) தென்னிந்திய, இலங்கைக் குரங்கினங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் கோரைப்பல்லில் உள்ள வேறுபாடு
இ) பழைய எலும்பிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது

எதை எழுதினால் எடுபடும்? ஒரு நாளில் எத்தனை மண்டையோடு அளக்க முடியும்? இங்கே இருக்கும்போதே எதில் கை பழக வேண்டும்? துறையில் இருப்பது ஒரு ஸ்லைடிங் காலிப்பர் (நீளம், அகலம் அளக்கும் நகரும் அளவுகோல்), ஒரு ஸ்பிரெடிங் காலிப்பர் (வளைந்த கைகளுடையது), ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு. பணம், விசா விவரம் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

ஓடும்_எலும்பும்

ஆ-வை எடுங்கள். இ-யை இப்போதே மறந்துவிடுங்கள். எலும்பைத் துளைத்து மாதிரி எடுப்பதற்கு அருங்காட்சியகத்தில் தனி விண்ணப்பம், தனி ஒப்புதல் உண்டு. அது வந்து சேர்வதற்குள் உங்கள் 10 வாரம் தீர்ந்திருக்கும். அ-வைப் பற்றி வேறு யாராவது விரிவாகச் சொல்வார்கள்.

முதலில் நாள் கணக்கு. 10 வாரம் என்றால் 50 வேலை நாள். முதல் வாரம் அடையாள அட்டை, பாதுகாப்பு வகுப்பு, சேகரிப்பு அறையின் நடைமுறை என்று போகும். இரண்டாம் வாரம் முன்னோட்டம்: 10 மண்டையோட்டை எடுத்து, இரண்டு முறை அளந்து, எந்த அளவு உங்கள் கைக்கு நிற்கவில்லை என்று பார்ப்பது. கடைசி மூன்று வாரம் கணக்குப் போடவும் போஸ்டர் தயாரிக்கவும் வேண்டும். நடுவில் விடுமுறை, கூட்டம், காலிப்பர் பேட்டரி தீர்ந்த நாள் எல்லாம் கழித்தால் உண்மையில் அளப்பதற்குக் கிடைப்பது 20 நாள். இழுப்பறையிலிருந்து எடுத்து, லேபிளைப் பதிந்து, படம் எடுத்து, 15 முதல் 20 அளவு எடுத்து, திரும்ப வைக்க ஒரு மண்டையோட்டுக்கு 30 நிமிடம் ஆகும். நாளைக்கு 10, 20 நாளில் 200 என்று வையுங்கள். 15 என்று விண்ணப்பத்தில் எழுதினால், படிக்கிறவர் இவர் இதுவரை அளந்ததில்லை என்று புரிந்துகொள்வார்.

அந்த 200-ஐயும் புதிய எலும்பில் செலவழிக்காதீர்கள். 150 புதியவை, 50 மறு அளவு. மறு அளவு இல்லாத தரவை யாரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்தது, யாருக்கு எழுதுவது. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். குரங்கு எலும்புகள் அங்கே மானிடவியல் துறையின் பொறுப்பில் இல்லை, பாலூட்டிகள் பிரிவின் பொறுப்பில் இருக்கின்றன. வழிகாட்டி மானிடவியலில் இருக்கலாம். சேகரிப்பைத் தொடுவதற்கான அனுமதி பாலூட்டிகள் பிரிவிலிருந்து வர வேண்டும். இரண்டு பக்கமும் எழுத வேண்டும்.

இன்னொன்று: மனிதப் பரிணாமம் ஆராய்கிற பலர் கோடையில் களத்துக்குப் போய்விடுவார்கள். ஸ்மித்சோனியன் குழு கென்யாவின் ஒலொர்கெசெய்லியில் வருடக்கணக்காகத் தோண்டிவருகிறது. நீங்கள் வரும் மாதங்களில் உங்கள் வழிகாட்டி ஊரில் இருப்பாரா என்பதை முதல் மின்னஞ்சலிலேயே கேளுங்கள்.

மின்னஞ்சல் 200 சொல்லைத் தாண்ட வேண்டாம். “மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில்” என்று ஆரம்பித்தால் இரண்டாவது வரியைப் படிக்க மாட்டார்கள். என் கேள்வி இது, எனக்கு வேண்டிய இனங்கள் இவை, உங்கள் இணையப் பட்டியலில் இத்தனை மண்டையோடு இருக்கிறது, இந்த அளவுகளை எடுப்பேன், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை வர முடியும். இவ்வளவு போதும்.

இனப்பெயரில் கவனம். அட்டைகளில் பழைய பெயர்தான் இருக்கும். சாம்பல் மந்தியை இன்று செம்னோபிதிகஸ் என்கிறோம். பழைய அட்டையில் பிரெஸ்பைடிஸ் என்டெல்லஸ். நீலகிரிக் கருமந்தி பிரெஸ்பைடிஸ் ஜானி, டிராகிபிதிகஸ் ஜானி, செம்னோபிதிகஸ் ஜானி என்று மூன்று பெயரிலும் கிடைக்கும். புதுப் பெயரை மட்டும் தேடிவிட்டு “மாதிரியே இல்லை” என்று கைவிடாதீர்கள். இடப்பெயரும் அப்படித்தான்: மதராஸ் பிரசிடென்சி, திருவாங்கூர், சிலோன்.

பட்டியலில் 100 எண் இருந்தால் கீழே சொல்கிற சல்லடையில் பாதிக்கும் கீழே வடிந்துவிடும். மிருகக்காட்சிசாலையில் செத்தவற்றை நீக்குங்கள். கூண்டு உணவில் வளர்ந்த தாடையும் பல்லும் காட்டு விலங்கினுடையதைப் போல இருக்காது. வளர்ந்து முடியாதவற்றை நீக்குங்கள்: மூன்றாம் கடைவாய்ப்பல் முழுதாக முளைத்திருக்க வேண்டும், மண்டையோட்டின் அடியில் ஸ்பீனாய்டு, ஆக்ஸிபிட்டல் என்ற இரண்டு எலும்புகளும் சேரும் இடம் ஒட்டியிருக்க வேண்டும். இரண்டையும் பாருங்கள். ஆண் குரங்கின் கோரைப்பல் மெதுவாக மேலே வருவது. பாதி வந்த பல்லை முழுப்பல் என்று அளந்தால் வேறுபாடு சின்னதாகத் தெரியும். இடம் தெரியாதவற்றையும் நீக்குங்கள். இமயமலைப் பக்கத்து மந்தி தெற்கத்தி மந்தியைவிட உடம்பில் பெரியது. வடக்கத்திப் பெண்ணையும் தெற்கத்தி ஆணையும் ஒரே தட்டில் போட்டால், பால் வேறுபாட்டுக்குள் இட வேறுபாடு கலந்துவிடும்.

கடைசிச் சல்லடைதான் முக்கியம். அட்டையில் ஆண், பெண் என்று எழுதியிருப்பது எப்படித் தெரிந்தது? சுட்டுப் பிடித்த அன்றே உடம்பைப் பார்த்துச் சேகரிப்பாளர் குறித்ததா, அல்லது பின்னாளில் யாரோ மண்டையோட்டின் கோரைப்பல்லைப் பார்த்து “ஆண்” என்று எழுதிவைத்ததா? இரண்டாவது வகையை வைத்துக்கொண்டு “ஆணின் கோரைப்பல் பெரியது” என்று நிரூபித்தால், போட்டதையே திரும்ப எடுத்ததாகிவிடும். தோலும் எலும்பும் சேர்ந்து ஒரே எண்ணில் இருப்பவை, களக்குறிப்பில் உடல் அளவு உள்ளவை நம்பத்தக்கவை. கேள்விக்குறி போட்ட அட்டைகளை அட்டவணையில் தனிப் பத்தியில் குறித்து வையுங்கள், அழிக்க வேண்டாம்.

கறிக்கடை_காலிப்பர்

கை பழக்கம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பிளாஸ்டிக் எலும்புக்கூட்டில் பழகுவது பயன் குறைவு. விளிம்புகள் மழுங்கியிருக்கும், எல்லா அளவும் அழகாக ஒத்துவரும், நமக்குத் தலைக்கனம்தான் மிஞ்சும். கறிக்கடையில் சொல்லிவைத்து ஆட்டுத் தலை நாலு, முன்னங்கால் எலும்பு பத்து வாங்குங்கள். சதையைக் கத்தியால் சுரண்டாமல், சலவைத்தூள் கொஞ்சம் போட்ட தண்ணீரில் சிறு தீயில் பல மணி நேரம் வைத்தால் தானே கழன்றுவரும். கொதிக்கவிட்டால் பல் வெடிக்கும். பிளீச்சிங் பவுடர் போடவே கூடாது, எலும்பு உளுத்துப் போகும். வெளுக்க வேண்டுமானால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பல்லும் இல்லை, கோரைப்பல்லும் இல்லை. அதனால் கடைவாய்ப்பல்லில் பழகுங்கள். கோரைப்பல்தான் வேண்டும் என்றால் பன்றித் தலை. காட்டோரம் கிடந்த மந்தி மண்டையோட்டை மட்டும் எடுத்து வீட்டில் வைக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் செத்த விலங்குக்கும் பேசும்.

இப்போது பிழைக் கணக்கு. 10 எலும்பை இன்று அளங்கள். தாளை மூடி வையுங்கள். ஒரு வாரம் கழித்து, பழைய எண்ணைப் பார்க்காமல், வரிசை மாற்றி அதே பத்தை அளங்கள். ஒவ்வொரு ஜோடியின் வித்தியாசத்தையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, மாதிரி எண்ணிக்கையின் இருமடங்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் அதுதான் உங்கள் அளவீட்டுப் பிழை. எடுத்துக்காட்டாக வித்தியாசங்கள் 0.2, 0.1, 0.3, 0, 0.4, 0.2, 0.1, 0.2, 0.3, 0.2 மி.மீ. என்று வைப்போம். வர்க்கங்களின் கூட்டு 0.52. அதை 20-ஆல் வகுத்தால் 0.026. வர்க்கமூலம் 0.16 மி.மீ. மண்டையோட்டு நீளம் 95 மி.மீ. என்றால் இது 0.17 சதவீதம், கவலையே வேண்டாம். அதே 0.16, பல்லின் அகலமான 6.5 மி.மீ.-க்கு எதிரே 2.5 சதவீதம். கை ஒன்றுதான், கருவி ஒன்றுதான்; பல்லுக்கு அது போதாது. ஆகவே பல் அளவுகளை மூன்று முறை எடுத்துச் சராசரி போடுங்கள். முதல் இரண்டும் 0.2 மி.மீ.-க்கு மேல் விலகினால், எங்கே முனையை வைத்தோம் என்று திரும்பப் பாருங்கள். பெரும்பாலும் காலிப்பர் சாய்ந்திருக்கும், அல்லது எனாமல் முடிந்து வேர் தொடங்கும் கோட்டை ஒரு முறை மேலாகவும் ஒரு முறை கீழாகவும் பிடித்திருப்பீர்கள்.

எங்கிருந்து எங்கே அளப்பது என்பதை எழுதி வைக்காததால் வந்த மிகப் பிரபலமான விபத்து, உங்கள் ‘அ’ தலைப்பிலேயே இருக்கிறது. மில்ட்ரெட் டிராட்டரும் கோல்டின் கிளெசரும் 1952-இல் வெளியிட்ட உயரக் கணிப்புச் சூத்திரங்கள் உலகம் முழுக்கத் தடயவியலில் புழங்கின. 1990-களில் டெர்ரி சேகரிப்பின் எலும்புகளைத் திரும்ப அளந்து பார்த்தபோது, டிராட்டரின் டிபியா (முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு) அளவுகள் சுமார் 10 முதல் 12 மி.மீ. குறைவாக இருப்பது தெரிந்தது. உள் கணுக்காலில் முடிச்சாகத் துருத்தும் பகுதியைச் சேர்த்து அளப்பதாக விளக்கத்தில் இருந்தது. அளந்தபோது அது விடப்பட்டிருந்தது. அந்தச் சூத்திரத்தில் முழு டிபியாவைப் போட்டால் ஆள் 2.5 முதல் 3 செ.மீ. கூடுதல் உயரமாக வருவார். அனுபவசாலிக்கே இந்தக் கதி. நீங்கள் எடுக்கும் ஒவ்வோர் அளவுக்கும் தொடக்கப் புள்ளி, முடிவுப் புள்ளி, காலிப்பரின் திசை மூன்றையும் ஒரு படத்தோடு நோட்டில் வரைந்து வையுங்கள்.

கையாளுவது:

மண்டையோட்டை இரு கையால் அடியில் தாங்கி எடுக்க வேண்டும். கண்குழிக்குள் விரல் விட்டோ, கன்ன எலும்பு வளைவைப் பிடித்தோ, அடியிலுள்ள பெருந்துளையில் விரல் மாட்டியோ தூக்கினால் அன்றோடு உங்கள் பேர் கெட்டது. மேசையில் பஞ்சு அல்லது ஃபோம் விரித்து, அதன்மேல் வளையத் தலையணை வைத்து, அதில் இருத்துங்கள். தூக்குவது மேசையின் மேலேயே நடக்கட்டும், தரைக்கு மேலே வேண்டாம். கீழ்த்தாடையைத் தனியாக எடுங்கள். பெட்டியைக் காலி செய்யுமுன் மூலையில் பல் உதிர்ந்து கிடக்கிறதா பாருங்கள். ஒற்றை வேர் உள்ள கோரைப்பல் நழுவி விழுவது சகஜம். ஒரு நேரத்தில் ஒரு விலங்கு மட்டும் மேசையில். இரண்டு கீழ்த்தாடை இடம் மாறிப் போனால் அதைக் கண்டுபிடிக்க அடுத்த ஐம்பது வருடத்தில் யாராவது வர வேண்டும்.

நைட்ரைல் கையுறை போடுங்கள். பழைய தோல்களுக்குப் பூச்சி வராமல் ஆர்செனிக் தடவியிருப்பார்கள். பக்கத்து இழுப்பறையில் இருந்த எலும்பிலும் தூள் இருக்கும். பேனா உள்ளே போகக் கூடாது, பென்சில் மட்டும். மோதிரம், வளையல், கழுத்தில் தொங்கும் அட்டைக் கயிறு, துப்பட்டா எல்லாம் வெளியே. காலிப்பரின் ஊசிமுனை எனாமலில் கீறும். அழுத்தாமல் தொட்டாலே போதும். தினமும் காலையில் பூஜ்யம் சரிபாருங்கள்.

எக்செல் ஒரு பாம்பு. ‘12-3’ என்று துணை எண் போட்டால் அதைத் தேதியாக மாற்றிவிடும், முன்னால் உள்ள பூஜ்யத்தை விழுங்கிவிடும். எண் பத்தியை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ ஆக்குங்கள். உடைந்திருப்பதால் அளக்க முடியாதது, அளக்க மறந்தது இரண்டுக்கும் வேறு வேறு குறி வையுங்கள். இரண்டையும் வெற்றாக விட்டால் ஏழாம் வாரத்தில் எது எது என்று தெரியாது. பூஜ்யம் மட்டும் போடாதீர்கள், அது சராசரிக்குள் புகுந்துவிடும்.

யாழ்மந்தி

மேலே இருவரும் காலிப்பரோடையே நிக்கினம். இப்ப பாதி வேலை ஸ்கானிலதான் நடக்குது. வாஷிங்டன் போறதுக்கு முதலே செய்யக்கூடியது நிறைய இருக்கு.

டியூக் பல்கலைக்கழகம் நடத்துற மார்ஃபோசோர்ஸ் தளத்தில கணக்கு ஒண்டு திறவுங்கோ. குரங்கு மண்டையோடுகளின்ர சி.டி. ஸ்கான், முப்பரிமாண மாதிரிகள் அங்க கிடக்கு. சிலது உடன தரவிறக்கலாம், சிலதுக்கு என்ன தேவைக்கு எண்டு எழுதி அனுமதி கேக்க வேணும். ஜப்பானில கியோட்டோ பல்கலைக்கழகத்தின்ர பிரைமேட் சி.டி. தொகுப்பும் இருக்கு. பாக்கிறதுக்கு 3டி ஸ்லைசர் மென்பொருள் இலவசம். அதுக்குள்ள ஸ்லைசர்மார்ஃப் எண்ட இணைப்பைப் போட்டால் அடையாளப் புள்ளிகள் வைக்கலாம். கணக்குக்கு ஆர் மொழியில ஜியோமார்ஃப். ஐஞ்சு மண்டையோட்டில 20 புள்ளி வைச்சு, ரெண்டு நாள் விட்டுத் திரும்ப வைச்சுப் பாருங்கோ. ரெண்டு எலும்பு பொருந்துற மூலையில வைச்ச புள்ளி அசையாது. “வளைவில ஆகப் பெரிய புடைப்பு” எண்டு வைச்ச புள்ளி ஓடித் திரியும். விண்ணப்பத்தில “20 புள்ளியில 14 தான் நம்பத்தக்கது, அதை மட்டும் எடுப்பன்” எண்டு எழுதினால், எழுதினவர் வேலை தெரிஞ்சவர் எண்டு விளங்கும்.

அங்க போய்ப் படம் எடுத்து மாதிரி செய்யிறதெண்டால் ஒரு அளவுத்திட்டம்: சுழல்மேசையில மண்டையோடு, 10 பாகைக்கு ஒரு படம், ஒரு சுற்றுக்கு 36. கமெராவை மூண்டு உயரத்தில வைச்சு 108. பிறகு கவிட்டு வைச்சு இன்னொரு 108. மொத்தம் 216. துளை எஃப் 11 அளவில, ஐ.எஸ்.ஓ. 100, முக்காலி கட்டாயம். எஃப் 22 க்குப் போனால் எல்லா இடமும் தெளிவாகும் எண்டு நினைப்பினம். ஒளி சிதறி எல்லா இடமும் கொஞ்சம் மங்கும். பல்லும், பழைய ஷெல்லாக் (அரக்கு மெருகு) பூசின எலும்பும் மினுங்குறதால மாதிரியில ஓட்டை விழும். வெள்ளைப் பவுடர் தெளிச்சால் ஓட்டை வராது எண்டு இணையத்தில இருக்கும், அருங்காட்சியகப் பொருளில அதைச் செய்யவே கூடாது. விளக்குக்கும் லென்சுக்கும் போலரைசர் (மினுக்கத்தைக் குறைக்கிற வடிகட்டி) போடுங்கோ.

படத்தில இருந்து செய்த மாதிரிக்குத் தானா அளவு வராது. ரெண்டு அளவுகோலை ஒண்டுக்கொண்டு குறுக்கால வைச்சு எடுங்கோ. கடைசியில மாதிரியில மண்டையோட்டு நீளத்தை அளந்து காலிப்பர் அளவோட ஒப்பிடுங்கோ. அரை மி.மீ. க்கு மேல வித்தியாசம் எண்டால் அளவுகோலில பிழை விட்டிருக்கிறியள்.

ஸ்கானை வீட்டுக்குக் கொண்டுபோகலாமோ, இணையத்தில போடலாமோ எண்டதை முதல் கிழமையிலேயே கேட்டு எழுத்தில வாங்குங்கோ. எலும்பு அவையின்ர, ஸ்கானும் அவையின்ரதான்.

சூட்லேண்ட்_பஸ்

அ தலைப்பு, சட்டம், பணம்.

டெர்ரி சேகரிப்பில் 1,728 பேர். செயின்ட் லூயிஸில் ராபர்ட் டெர்ரியும் அவருக்குப் பின் டிராட்டரும் சேர்த்தது, 1967-இல் ஸ்மித்சோனியனுக்கு வந்தது. வயது, பால், இறந்த காரணம் எல்லாம் பதிவில் இருப்பதால் ஆராய்ச்சிக்கு வசதி. ஆனால் அந்த உடல்களில் பெரும்பகுதி யாரும் கேட்டு வராத ஏழைகளின் உடல்; தங்கள் எலும்பைத் தருகிறோம் என்று அவர்கள் சொன்னதில்லை. 2023-இல் ஸ்மித்சோனியன் தன்னிடமுள்ள மனித உடல் எச்சங்களை என்ன செய்வது என்று ஆராயத் தனிக்குழு அமைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் காட்சியில் இருந்த மனித எலும்புகளை எடுத்துவிடுவதாக அறிவித்தது. இந்தச் சூழலில் “டெர்ரியில் உயரம் அளக்கிறேன்” என்று ஒரு மாணவர் எழுதினால் சட்டென்று சரி சொல்ல மாட்டார்கள். அந்தத் தலைப்பில் புதிதாகச் சொல்லவும் அதிகமில்லை.

அமெரிக்கப் பூர்வகுடிகளின் எச்சங்களுக்கு 1990-இன் நாக்ப்ரா சட்டம் (எச்சங்களை அவர்களிடமே திருப்பித் தருவதற்கானது) இருக்கிறது. 12 ஜனவரி 2024 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, காட்சிக்கு வைக்கவும் ஆராயவும் சம்பந்தப்பட்ட இனக்குழுவின் முன் ஒப்புதல் வேண்டும். ஸ்மித்சோனியனுக்கு நாக்ப்ரா பொருந்தாது. அதற்கு 1989-இன் தனிச் சட்டம். நேர்முகத்தில் இந்த இரண்டையும் குழப்பாதீர்கள், கேட்பார்கள்.

பணம். ‘ஆர்.இ.யூ.’ என்று போட்டிருக்கும் கோடைத் திட்டங்கள் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பணத்தில் நடப்பவை. அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும். இளநிலை மாணவர்களுக்கானவையும்கூட. அதற்கு விண்ணப்பித்துக் காத்திருப்பது வீண். உங்களுக்குப் பொருந்துவது ஸ்மித்சோனியன் ஃபெலோஷிப்பில் முதுநிலை மாணவர்களுக்கான 10 வாரப் பிரிவு. எந்த நாட்டவரும் போடலாம். அங்குள்ள ஆய்வாளர் ஒருவரை ஆலோசகராகக் குறிப்பிட்டு ஆய்வுத் திட்டம் எழுத வேண்டும். அடுத்த கோடைக்கு முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே கடைசித் தேதி வந்துவிடும். பிப்ரவரியில் விழித்தால் வேலைக்காகாது. இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் சம்பளமே இல்லாதவையும் உண்டு, கவனமாகப் படியுங்கள்.

விசா வழக்கமாக ஜே-1 (பரிமாற்ற வருகையாளர் விசா). அருங்காட்சியகம் டிஎஸ்-2019 படிவம் அனுப்பிய பிறகு செவிஸ் கட்டணம் (வெளிநாட்டு மாணவர், வருகையாளர் பதிவுக்கானது) கட்டி, தூதரகத்தில் நேரம் வாங்க வேண்டும். கோடைக்கு முன் சென்னைத் தூதரகத்தில் நேரம் கிடைப்பது கஷ்டம். மருத்துவக் காப்பீடு கட்டாயம். உதவித்தொகை அமெரிக்க அரசுப் பணமாக இருந்தால், பின்னாளில் எச்-1பி-யோ கிரீன் கார்டோ எடுக்குமுன் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற விதி விழலாம். விசா முத்திரையிலும் படிவத்திலும் அதைக் குறித்திருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம்: மானிடவியல் சேகரிப்பின் பெரும்பகுதி வாஷிங்டன் நடுவில் இல்லை, மேரிலாந்தின் சூட்லேண்டில் உள்ள சேமிப்பு வளாகத்தில் இருக்கிறது. எந்தக் கட்டடத்தில் வேலை என்று தெரியாமல் அறைக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

தாழம்பூ_22

எல்லோருக்கும் நன்றி. ஆ தான். இரண்டு சந்தேகம். ஒன்று, வயதான ஆண் குரங்குகளின் கோரைப்பல் தேய்ந்தோ உடைந்தோ இருக்கும் என்று படித்தேன். அவற்றை நீக்கினால் ஆண் மாதிரி ரொம்பக் குறையுமே? இரண்டு, இது கிடைக்காவிட்டால் இங்கே எங்கே முயற்சி செய்வது?

எழும்பூர்_ரயில்

இரண்டாவதற்கு. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் மானிடவியல் பிரிவு இருக்கிறது. அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்த பொருள்கள் அங்கே சேர்ந்தன. அங்கு கிடைத்த மண்டையோடுகளைப் பற்றிய உடற்கூறியலாளர் சக்கர்மேனின் ஆய்வை அந்த அருங்காட்சியகமே 1930-இல் வெளியிட்டது. எட்கர் தர்ஸ்டன் கண்காணிப்பாளராக இருந்த காலத்தில் சாதிவாரியாக மூக்கையும் தலையையும் அளந்து திரிந்ததும் அங்கிருந்துதான். அந்த எண்களை வைத்து இனம் பிரிக்கப் போகாமல், அளந்த முறையையே ஆராயலாம். எலும்பைத் தொடாமல் காகிதத்திலேயே செய்யக்கூடிய நல்ல தலைப்பு அது.

எலும்பிலேயே வேலை வேண்டும் என்றால் புனே டெக்கான் கல்லூரி. மகாராஷ்டிரத்தின் இனாம்காவில் தோண்டி எடுத்த எலும்புக்கூடுகள் அங்கே. இந்திய மானிடவியல் ஆய்வகத்துக்குத் தலைமையகம் கொல்கத்தா, தென் மண்டல மையம் மைசூரு. இங்கெல்லாம் மின்னஞ்சல் மட்டும் அனுப்பிவிட்டு உட்காராதீர்கள். துறைத்தலைவரின் பரிந்துரைக் கடிதம், போனஃபைடு சான்றிதழ், ஒரு பக்கத் திட்டம் மூன்றையும் அஞ்சலில் அனுப்பி, பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் கேளுங்கள். கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஓடும்_எலும்பும்

முதல் சந்தேகத்துக்கு. தேய்ந்ததை நீக்காதீர்கள், அளவைப் பிரியுங்கள். கோரைப்பல்லின் உயரம் தேய்மானத்தில் போகும். அடிப்பகுதியின் நீளமும் அகலமும் அவ்வளவு சீக்கிரம் போகாது. ஒவ்வொரு பல்லுக்கும் தேய்மானத்தை 0 முதல் 3 வரை குறியுங்கள்: 0 முனை கூர்மை, 1 முனையில் எனாமல் மட்டும் தேய்ந்தது, 2 எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டின் தெரிகிறது, 3 உடைந்தது அல்லது பாதி போனது. உயரத்தை 0-விலும் 1-இலும் மட்டும் கணக்கிடுங்கள். அடி அளவுகளை எல்லாவற்றிலும் கணக்கிடுங்கள். இரண்டையும் தனித்தனி அட்டவணையாகப் போடுங்கள், ஒரே எண்ணாகக் கலக்க வேண்டாம்.

மேல் கோரைப்பல்லின் பின்விளிம்பு, கீழ்த்தாடையின் முதல் முன்கடைவாய்ப்பல்லில் உரசித் தீட்டப்படுவது. அங்கே ஒரு பளபளப்பான பட்டை இருக்கும். அது முனைத் தேய்மானம் அல்ல. அதைப் பார்த்து 2 என்று போட்டுவிடாதீர்கள். இரண்டாம் வார முன்னோட்டத்தில் இதற்கென்றே பத்துப் பல்லைப் படம் எடுத்து, உங்கள் ஆலோசகரையும் தனியாகக் குறி போடச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தில் குறைந்தது எட்டு ஒத்துப்போகாவிட்டால் 0, 1 இரண்டையும் ஒரே வகையாகச் சேர்த்துவிடுங்கள்.

இடது பக்கப் பல்லைத்தான் எடுக்க வேண்டும். இடது இல்லாதபோது வலது. எந்தப் பக்கம் என்று ஒரு பத்தி போட மறக்காதீர்கள்.